குக்கரில் கொத்துக்கறி பாஸ்தா சாஸ்

கேள்வி: பாஸ்தாவுக்கு மட்டன் கொத்துக்கறி சாஸைக் குக்கரில் வைத்தால் அடி தீய்கிறது, மேலே தண்ணீர் நிற்கிறது. ஏன்?
– வாசகி, கீழக்கரை

பதில்: தக்காளி விழுது அடியில் தங்கினால் தீயும். மூடிய குக்கரில் நீர் வற்றாது.

முதலில் அரைக் கிலோ கொத்துக்கறியை நீர் சுண்டி, நன்றாகப் பழுப்பேறும்வரை எண்ணெயில் வதக்குங்கள். இதில் அவசரப்பட்டால் கவிச்சி போகாது. பொடியாக நறுக்கிய வெங்காயம், கேரட், செலரி சேர்த்து வதக்குங்கள். செலரி கிடைக்காவிட்டால் விட்டுவிடலாம். கொத்தமல்லித் தண்டு மட்டும் வேண்டாம், சால்னா வாசனை வந்துவிடும்! அரை டம்ளர் தண்ணீர் ஊற்றி, ஒட்டியதைச் சுரண்டுங்கள். அரைத்த தக்காளி 400 கிராமை மேலே ஊற்றிக் கிளறாமல் மூடுங்கள். ஒரு விசில், பிறகு சிறுதீயில் 20 நிமிடம். ஆவி தானாக அடங்கியதும் திறந்து 10 நிமிடம் சுண்டவையுங்கள். இத்தாலியின் பொலோனியா பாணியில் பால் சேர்ப்பதானால் அப்போது கால் டம்ளர். உப்பும் கடைசியில்தான்.