போகாதே என்றும், போகப் பயப்படாதே என்றும்

அன்புள்ள ஐயாவுக்கு,

நான் பாம்பன் பகுதியைச் சேர்ந்தவன். விசைப்படகில் பங்குக்குக் கடலுக்குப் போகிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். அது முடிந்து கடலுக்குப் போனாலும் எல்லையில் பிடிபடுவோமோ என்ற பயம் தீர்வதில்லை. என்னோடு தொழில் செய்தவர்கள் சிலர் பிடிபட்டு, சிறையிலிருந்து திரும்பியிருக்கிறார்கள். வளைகுடா நாடு ஒன்றில் மீன்பிடி வேலை இருப்பதாக ஒரு முகவர் சொல்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் பணம் கட்டச் சொல்கிறார்.

ஒரு வாரம் ஜெபித்துவிட்டு வேதாகமத்தைக் கண்ணை மூடித் திறந்தேன். "நீ எகிப்துதேசத்துக்குப் போகப் பயப்படவேண்டாம்" என்ற வசனத்தில் (ஆதியாகமம் 46:3) விரல் பட்டது. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. ஆனால் அம்மா தன்னுடைய ஜெபக்குழுவில் சொல்ல, அங்கே ஓர் அக்கா ஜெபித்து எடுத்துக் கொடுத்தது "நீ எகிப்துக்குப் போகாமல், நான் உனக்குச் சொல்லும் தேசத்திலே குடியிரு" என்ற வசனம் (26:2). அன்றிலிருந்து வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. புனித அகுஸ்தீனார்கூட இப்படித் திறந்துதானே மனம் மாறினார்? இரண்டில் எது கடவுளின் குரல்?

அப்பாவுக்குச் சிறுநீரகக் கோளாறு. படகு உரிமையாளரிடம் வாங்கிய முன்பணம் இன்னும் பாக்கி இருக்கிறது. என் பெயரை வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தைப் பலமுறை படித்தேன். நம் கரையில் எத்தனையோ வீடுகளில் இதே கேள்வி, எழுதப்படாமலேயே இருக்கிறது என்பதால் பெயரில்லாமல் வெளியிடுகிறேன்.

இரண்டுமே கடவுளின் வார்த்தைதான். ஆனால் அவற்றில் ஒன்று ஈசாக்குக்குச் சொல்லப்பட்டது, மற்றொன்று அவர் மகன் யாக்கோபுக்குச் சொல்லப்பட்டது. ஒரே குடும்பத்தின் கதையில், ஒரே மாதிரியான பஞ்ச காலத்தில், தகப்பனிடம் போகாதே என்றும் மகனிடம் போகப் பயப்படாதே என்றும் சொன்ன கடவுள், அந்த இரண்டு சொற்களையும் அவரவர் வாழ்க்கைக்குள் வைத்துச் சொன்னார். நீங்களும் அம்மாவும் அந்த வாழ்க்கைகளை விட்டுவிட்டுச் சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டதால்தான் அவை மோதுகின்றன. ஆகவே முதலில் அந்தக் கதைக்குள் போவோம்.

பஞ்சம் வந்தபோது ஈசாக்கு பெலிஸ்தரின் ஊரான கெராரில் தங்கினார். போகாதே என்ற சொல்லுக்குக் கீழ்ப்படிந்தவருக்கு அந்த ஆண்டே விதைத்தது நூறு மடங்கு விளைந்தது என்று 26ஆம் அதிகாரம் சொல்கிறது. ஜெபக்குழுக்களில் அந்த வசனம் வரை வாசிப்பார்கள். அதற்கு அப்பாலும் வாசிக்க வேண்டும். தங்கியவரின் கிணறுகளைப் பெலிஸ்தர் மண்ணிட்டுத் தூர்த்தார்கள். அவருடைய ஆட்கள் புதிதாகத் தோண்டிய கிணற்றுக்குச் சண்டை வந்தது; அதை விட்டு வேறொன்று தோண்டினார்கள், அதற்கும் சண்டை வந்தது; மூன்றாவது கிணற்றில்தான் சண்டை ஓய்ந்தது. அங்கிருந்து பெயெர்செபாவுக்குப் போய் ஒரு பலிபீடம் கட்டினார். தங்கு என்று கடவுள் சொன்ன இடத்திலும் தண்ணீருக்காக ஊர் ஊராக விலகிப் போக வேண்டியிருந்தது. அம்மாவுக்குக் கிடைத்த வசனத்தை நம்பித் தங்குவதென்றால் இந்தக் கிணறுகளையும் சேர்த்தே ஏற்க வேண்டும்.

யாக்கோபின் கதை இதைவிட நுட்பமானது. 46ஆம் அதிகாரத்தில் அந்தச் சொல் வருவதற்கு முன்பே அவர் முடிவெடுத்துவிட்டார். மகன் யோசேப்பு எகிப்தில் உயிரோடிருக்கிறான் என்று கேட்டதும், சாகுமுன் போய் அவனைப் பார்ப்பேன் என்று 45ஆம் அதிகாரத்தின் கடைசியில் சொல்கிறார். தனக்குண்டான யாவற்றையும் சேர்த்துக்கொண்டு புறப்பட்டும் விடுகிறார். புறப்பட்டவர் பெயெர்செபாவில் நிற்கிறார். தகப்பன் பலிபீடம் கட்டிய அதே ஊரில், "தன் தகப்பனாகிய ஈசாக்குடைய தேவனுக்கு" பலியிடுகிறார். தேசத்தின் தெற்கு ஓரம் அது. அதைத் தாண்டினால் எகிப்துக்குப் போகும் வழி. தன் தகப்பனிடம் போகாதே என்று சொன்ன கடவுளின் முன்னால், போகத் துணிந்த கிழவர் ஒருவர் பயத்தோடு நிற்கும் காட்சியாகவே நான் இதை வாசிக்கிறேன். அந்த இரவில்தான் பயப்படவேண்டாம் என்ற சொல் வந்தது. மகன்மேல் உள்ள அன்பினால் அவர் முன்பே எடுத்திருந்த முடிவை அந்தச் சொல் மாற்றவில்லை. அந்த முடிவோடு கூடவே வந்த பயத்தை எடுத்துப்போட்டது.

அடுத்த வசனத்தையும் பாருங்கள்: "நான் உன்னுடனே எகிப்துக்கு வருவேன்; நான் உன்னைத் திரும்பவும் வரப்பண்ணுவேன்." யாக்கோபு உயிரோடு திரும்பவில்லை. அவர் உடலைத்தான் பிள்ளைகள் கானானுக்குச் சுமந்து வந்து மக்பேலா குகையில் அடக்கம் செய்தார்கள். அவர் சந்ததி திரும்பியது அடிமைத்தனத்துக்குப் பிறகு, யாத்திராகமம் சொல்லும் கணக்குப்படி 430 ஆண்டுகள் கழித்து. கடவுள் சொன்னதைச் செய்தார். ஆனால் விசாவும் சம்பளமும் போல அதை எண்ணிப் பார்க்க முடியாது. உங்கள் விரல் பட்ட வசனத்தை, வேலை நல்லபடியாக அமையும் என்ற உத்தரவாதமாக நீங்கள் எடுத்துக்கொண்டிருந்தால், அந்த வசனம் யாக்கோபுக்கே அப்படி ஓர் உத்தரவாதத்தைத் தரவில்லை.

அகுஸ்தீனாரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 386இல் மிலான் நகரத் தோட்டத்தில் "எடுத்துப் படி" என்று ஒரு குழந்தைக் குரல் கேட்டு, அவர் பவுலின் நூலைத் திறந்தது உண்மைதான். கண்ணில் பட்டது உரோமையர் 13ஆம் அதிகாரம். வெறியையும் காமத்தையும் விட்டுவிட்டு இயேசு கிறிஸ்துவைத் தரித்துக்கொள்ளுங்கள் என்பது அதன் பொருள். அந்த ஊருக்குப் போகலாமா, இந்த வேலையை எடுக்கலாமா என்ற கேள்விக்கு அவர் விடை தேடவில்லை. தான் செய்ய வேண்டியது இன்னதென்று முன்பே அறிந்து, செய்ய முடியாமல் அழுதுகொண்டிருந்தவருக்கு, அறிந்ததையே செய்யச் சொல்லும் வசனம் கிடைத்தது. அதோடு, அவர் திடீரென்று எடுத்த புத்தகமும் அல்ல அது; பவுலின் மடல்களை அதற்கு முன்பே ஊன்றி வாசித்துக்கொண்டிருந்தார். பிற்காலத்தில் ஆயரானபின், நற்செய்தி ஏடுகளைத் திறந்து குறி பார்க்கும் வழக்கத்தைப் பற்றி ஒரு மடலில் எழுதினார். பேய்களிடம் குறி கேட்டு ஓடுவதைவிட இது மேல் என்றாலும், இறைவாக்கை உலக அலுவல்களுக்குத் திருப்பும் இவ்வழக்கம் தமக்குப் பிடிக்கவில்லை என்பது அவர் கருத்து. அவருடைய பெயரைச் சொல்லி இதைச் செய்கிறவர்கள் இந்த மடலையும் நினைவில் கொள்வது நல்லது.

அப்படியானால் வேதம் நமக்கு வழிகாட்டுவதில்லையா? காட்டுகிறது, என் வாழ்க்கை முழுவதும் நான் அதை நம்பியே நடந்திருக்கிறேன். கடலில் மூத்தவர் ஒருவர் தண்ணீரின் நிறத்தையும் நீரோட்டத்தையும் காற்று வாடையா கச்சானா என்பதையும் சேர்த்துப் பார்த்து, இன்று வலை இறக்கலாம் என்கிறாரே, அந்தப் பார்வை ஓர் அலையைப் பார்த்து வந்ததா? நாள்தோறும் வாசித்து, திருப்பலியில் கேட்டு, மனத்தில் அசைபோட்டு, கீழ்ப்படிந்து பழகியவருக்கு, புதிதாக ஒரு முடிவு எடுக்க வேண்டிய நாளில் கடவுளுக்கு எது பிரியம் என்று தெரியும் ஓர் உணர்வு வாய்க்கிறது. எந்தத் தனி வசனத்தையும் காட்டி அதை நிரூபிக்க முடியாமலிருக்கலாம். அது வேதத்தால் வளர்ந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை.

நம் கரையிலேயே இதற்குச் சாட்சிகள் உண்டு. "ஒரு பட்டணத்தில் உங்களைத் துன்பப்படுத்தினால் மறு பட்டணத்திற்கு ஓடிப்போங்கள்" என்று மத்தேயு நற்செய்தி சொல்கிறது. நல்ல மேய்ப்பன் ஆடுகளை விட்டு ஓடுவதில்லை என்று யோவான் நற்செய்தி சொல்கிறது. வேதாளையில் 1549இல் படை வந்தபோது, இயேசு சபைத் துறவி அந்தோணி கிரிமினாலி, மக்களைத் தோணிகளில் ஏறச் செய்துவிட்டுத் தாம் கரையிலேயே நின்று கொல்லப்பட்டார். அதே சபையைச் சேர்ந்த அருளானந்தர், 1686இல் மறவர் நாட்டில் (இன்றைய இராமநாதபுரம், சிவகங்கைப் பகுதி) சிறைப்பட்டு வதைக்கப்பட்டு, இனி இங்கே போதிக்கக் கூடாது என்ற ஆணையோடு விடுவிக்கப்பட்டபோது வெளியேறினார். ஐரோப்பா சென்று 1690இல் இந்தியா திரும்பியபின் மீண்டும் அதே மறவர் நாட்டுக்கு வந்து, 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை கொடுத்தார். விலகியதும் திரும்பியதும் ஒரே மனிதர்தான். எந்த வேளையில் எது வேண்டும் என்று அறிவதைத்தான் அவர்கள் சபையில் தேர்ந்து தெளிதல் என்பார்கள்.

அந்தச் சபையை நிறுவிய இஞ்ஞாசியார் தந்த வழிகளில் ஒன்றை நீங்களும் செய்து பார்க்கலாம். முன்பின் அறியாத ஒருவர், உங்களுக்கு இருக்கும் அதே கடனோடும் அதே நோயாளித் தகப்பனோடும் அதே முகவரின் அழைப்போடும் வந்து உங்களிடம் ஆலோசனை கேட்டால், கடவுளின் மகிமையை மட்டும் எண்ணி அவருக்கு என்ன சொல்வீர்கள்? அவருக்குச் சொல்வதை நீங்களே செய்யுங்கள் என்கிறார் அவர். மனம் கலங்கி இருண்டிருக்கும் வேளையில் முன்பு எடுத்த முடிவை மாற்றக் கூடாது என்பதும் அவர் சொன்னதே. மாதக் கடைசி என்று முகவர் வைத்த கெடு உங்களைத் தள்ளுகிறது என்றால், அந்த அவசரம் கடவுளிடமிருந்து வந்ததா என்று கேட்டுப் பாருங்கள்.

இனி, உங்கள் கடிதத்தின் கடைசியில் அப்பாவையும் முன்பணத்தையும் பற்றி எழுதிய இரண்டு வரிகளுக்கு வருகிறேன். என்னை மிகவும் உறுத்தியவை அவைதான். போகலாமா என்ற கேள்விக்கு வேதத்தில் நேரடி விடை இல்லை. ஆனால் முன்பணத்தைப் பற்றியும் அப்பாவைப் பற்றியும் வேதம் நீங்கள் கேட்குமுன்பே பேசிவிட்டது. அன்புகூருகிற கடனைத் தவிர வேறொன்றிலும் ஒருவனுக்கும் கடன்படாதிருங்கள் என்கிறார் பவுல். பெற்றோருக்குக் கொடுக்க வேண்டியதைக் கடவுளுக்கென்று நேர்ந்துவிட்டேன் என்று சொல்லிக் கைவிட்டவர்களை, மாற்கு 7ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் எத்தனை கடுமையாகக் கண்டிக்கிறார் என்று வாசியுங்கள். கடவுளின் பெயரே அங்கே பெற்றோரைக் கைவிடச் சாக்காகிவிட்டது. இந்த இரண்டையும் குறித்து விரலை வைத்து வசனம் எடுக்கத் தேவையில்லை. உரிமையாளரிடம் உட்கார்ந்து பாக்கி எவ்வளவு, எப்படித் திருப்பித் தருவது என்று எழுதிக்கொள்ளாமல் நீங்கள் புறப்பட்டால், எந்த வசனத்தைக் காட்டினாலும் அதை வழிநடத்துதல் என்று நான் ஏற்க மாட்டேன். நீங்கள் இல்லாத நாட்களில் அப்பாவைச் சிகிச்சைக்கு அழைத்துப் போவது யார் என்பதும் அப்படியே.

விசாரிப்பதை நம்பிக்கைக் குறைவு என்று யாராவது சொன்னால் அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். கடலோடிகள் ஊன்றிப் படிக்க வேண்டிய அதிகாரம் அது. கப்பலில் 276 பேர். ஒருவருக்கும் உயிர்ச்சேதம் வராது என்று தேவதூதன் சொன்னதைப் பவுல் எல்லாருக்கும் அறிவித்துவிட்டார். ஆனாலும் கப்பலாட்கள் படகை இறக்கித் தப்பப் பார்த்தபோது, "இவர்கள் கப்பலில் இராவிட்டால் நீங்கள் தப்பிப் பிழைக்கமாட்டீர்கள்" என்று அவரே எச்சரித்தார். வாக்குறுதி கையில் இருக்கும்போதே தொழில் தெரிந்தவர்களை விடாமல் பிடித்துக்கொண்டார். ஆகவே அந்த முகவர் 1983ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி பதிவு பெற்றவரா என்று மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பாருங்கள். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் அதன்மேல் ஜிஎஸ்டியும்தான் உச்சவரம்பு. அதற்கு ரசீதும் தர வேண்டும். அதற்குமேல் கேட்டாலோ ரசீது தர மறுத்தாலோ விலகிவிடுங்கள். சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகம் இருக்கிறது. சந்தேகத்தை அங்கே கேட்கலாம். வளைகுடாவில் கடல் தொழிலுக்குப் போய் வந்தவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். ஒப்பந்தம் எந்த மொழியில் இருந்தது, பாஸ்போர்ட் யார் கையில் இருந்தது, அங்கேயும் எல்லை தாண்டிப் பிடிபட்டவர்கள் உண்டா என்று அவர்களிடம் கேளுங்கள். எல்லைப் பயத்துக்காக இங்கிருந்து போகிறவர் அதைக் கட்டாயம் கேட்க வேண்டும்.

அம்மாவோடு பேச்சு நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்ன வசனத்தை வெல்ல இன்னொரு வசனம் தேடாதீர்கள். மகன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற ஏக்கத்தை அவர் வசனமாகச் சொல்லியிருக்கலாம். போய்விட வேண்டும் என்ற உங்கள் தவிப்புதான் உங்கள் வசனத்தை அத்தனை மகிழ்ச்சியாக்கியிருக்கலாம். வசனங்களை ஒருபுறம் வைத்துவிட்டு அந்த ஏக்கத்தையும் தவிப்பையும் நேராகப் பேசிக்கொள்ளுங்கள். பிறகு, இரவு ஜெபமாலை முடிந்ததும், ஆதியாகமத்தின் 12ஆம் அதிகாரத்திலிருந்து 50 வரை, நாளுக்கு ஓர் அதிகாரமாக இருவரும் சேர்ந்து சத்தமாக வாசியுங்கள். அப்பாவும் கேட்கட்டும். ஆபிரகாம் ஒருவரும் சொல்லாமலே எகிப்துக்குப் போய் மனைவியைச் சகோதரி என்று பொய் சொன்னதும், யோசேப்பு விற்கப்பட்டுப் போனதும் வழியில் வரும். மாதக் கடைசிக்குள் முடியாது; முடியாவிட்டால் பரவாயில்லை, முகவர் காத்திருக்கட்டும். அல்லது வேறு ஆளைப் பார்க்கட்டும்.

உரிமையாளரிடம் பேசிய பிறகு எனக்கு எழுதுங்கள். உங்களுக்காகவும் அப்பாவுக்காகவும் ஜெபிக்கிறேன்.

அன்புடன்