குற்றாலச் சாரல் தொடங்குவதற்கு முன் சீஷெல்ஸ்: குடும்பத்தோடு ஒரு வாரப் பாய்ப்படகுப் பயணம்

கேள்வி: பாளையங்கோட்டையில் வசிக்கிறோம். நான், கணவர், 11 வயது மகள், 6 வயது மகன், 67 வயது மாமியார், என் தம்பி என ஆறு பேர் சீஷெல்ஸ் தீவுகளில் ஒரு வாரம் பாய்ப்படகிலேயே தங்கிச் சுற்றிப் பார்க்க ஆசைப்படுகிறோம். எங்களுக்கு மே மாதப் பள்ளி விடுமுறை வசதி. சரக்குக் கப்பலில் எஞ்சினியராக இருக்கும் தம்பியோ ஜூலையில்தான் கப்பலிலிருந்து இறங்குகிறான். ‘படகை நானே ஓட்டிவிடுவேன், ஆள் வைத்து வீண் செலவு செய்ய வேண்டாம்’ என்று அவன் சொல்கிறான். மகளைத் தவிர வேறு யாருக்கும் நீச்சல் தெரியாது. மாமியார் சுத்த சைவம். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். நாங்கள் போகலாமா, எந்த மாதம் போகலாம், எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

பதில்: தாராளமாகப் போகலாம், ஆனால் ஜூலையில் வேண்டாம். நீங்கள் கேட்டிருப்பவற்றில் மாதம் பற்றிய கேள்விக்குத்தான் முதலில் விடை காண வேண்டும். படகின் வகை, மாமியாரின் உடல்நிலை, குழந்தைகளின் பாதுகாப்பு ஆகிய மற்றவை எல்லாம் அன்றைக்கு வீசுகிற காற்றைப் பொறுத்தே எளிதாகவோ கடினமாகவோ ஆகும்.

சீஷெல்ஸின் தலைமைத் தீவாகிய மாஹே நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே ஏறத்தாழ நான்கரை பாகையில் இருக்கிறது. மே மாதக் கடைசியிலிருந்து செப்டம்பர் வரை அங்கே தென்கிழக்கிலிருந்து விடாமல் வீசும் வணிகக் காற்று, நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் புவிச் சுழற்சியின் விளைவாக வலப்புறம் திரும்பி, தென்மேற்குப் பருவக்காற்றாக அரபிக்கடலைக் கடந்து நம் பக்கம் வருகிறது. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றாலைகளைச் சுற்ற வைப்பதும், மலை தாண்டிக் குற்றாலத்தில் சாரலாக விழுவதும் இந்தக் காற்றோட்டத்தின் தொடர்ச்சியே. ஆகவே திருநெல்வேலிக்காரர்கள் தனியாக அட்டவணை எதையும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. குற்றாலத்தில் சீசன் களைகட்டியிருந்தால் சீஷெல்ஸ் கடலில் குழந்தை குட்டிகளோடு பாய் விரிக்கிற காலம் அதுவன்று என்று வைத்துக்கொள்ளலாம். தூத்துக்குடித் தோணிகள் அந்த மாதங்களில் மாலத்தீவுப் பயணத்தை நிறுத்தி வைப்பதற்கும் காரணம் இதே காற்றுதான்.

ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் அங்கே காற்று 20 நாட் (மணிக்கு ஏறத்தாழ 37 கிலோமீட்டர்) வேகத்தை எட்டுவது சாதாரணம். திறந்த கடலில் அலை இரண்டு மீட்டர் வரை எழும். மாஹேயிலிருந்து அடுத்த பெரிய தீவான பிராலின் வடகிழக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. வடகிழக்கே போகும் படகுக்குத் தென்கிழக்குக் காற்று சரியாகப் பக்கவாட்டில் வந்து மோதும். திரும்பும்போது மறுபக்கம் மோதும். பழகிய பாய்ப்படகோட்டிகள் இந்தப் பக்கவாட்டுக் காற்றைத் தேடிப் போகிறார்கள், ஏனென்றால் பாய்ப்படகு தன் முழு வேகத்தைக் காட்டுவது அப்போதுதான். ஆனால் முதல் முறையாகக் கடலேறும் மாமியாரும் 6 வயதுச் சிறுவனும் நான்கு மணி நேரம் பக்கவாட்டு அலையில் ஆடிக்கொண்டே போனால், கரை சேர்ந்தபின் மறுபடி படகில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிடுவார்கள். மிச்ச நாட்களுக்கு நீங்கள் கொடுத்த பணமெல்லாம் துறையில் கட்டிக் கிடக்கும் ஒரு படகுக்கு வாடகையாகப் போய்விடும்.

மே மாதம் அங்கே காற்று திசை மாறும் காலம். முதல் மூன்று வாரங்களுக்குள் பயணத்தை முடித்துக்கொள்ளுங்கள். கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். நீர் வெதுவெதுப்பாகவும் தெளிவாகவும் இருப்பதால் பவளப்பாறை மீன்களைப் பார்க்க ஏற்ற பருவம். இதற்கு ஒரு விலையும் உண்டு: சில நாட்கள் பாய் சுருண்டு தொங்கும், எஞ்சினில்தான் போக வேண்டியிருக்கும். அன்றைக்கு ‘பாய்ப்படகு என்று சொல்லி ஏமாற்றிவிட்டார்கள்’ என்று கேப்டனிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்கள் தம்பிக்காகப் பயணத்தைத் தள்ளிப் போடத்தான் வேண்டுமென்றால், காற்று தணியும் அக்டோபர் இரண்டாவது நல்ல காலம். ஆனால் காலாண்டு விடுமுறை அதற்குச் சற்று முன்பே முடிந்துவிடுவதால் பள்ளியில் சில நாட்கள் விடுப்புக் கேட்க நேரிடும். டிசம்பர், ஜனவரி மாதங்களில் வடமேற்குக் காற்றும் கனமழையும் சேர்ந்து வரும். புயல் பயம் மட்டும் எந்த மாதத்திலும் வேண்டாம். நிலநடுக்கோட்டை ஒட்டியிருப்பதால் மாஹே, பிராலின் பக்கம் புயல்கள் வருவதில்லை.

அடுத்து தம்பியின் யோசனை. எஞ்சினியர் சான்றிதழ் இருப்பதால் பாய்ப்படகு ஓட்டத் தெரியும் என்று ஆகிவிடாது. கடலை அவர் நன்றாக அறிந்திருப்பார், எஞ்சினில் கோளாறு என்றால் கேப்டனைவிட விரைவாகச் சரிசெய்துவிடுவார். ஆனால் காற்று திடீரென்று கூடும்போது பாயை எப்போது, எவ்வளவு சுருக்குவது, பவளப்பாறைக்கு நடுவே மணல் திட்டைக் கண்டுபிடித்து நங்கூரத்தை எங்கே போடுவது, இரவில் காற்று திரும்பினால் படகு எந்தப் பக்கம் சுழலும் என்பவை வேறு தொழில். ஆளில்லாமல் படகை ஒப்படைக்கும் நிறுவனங்கள் பாய்ப்படகு ஓட்டிய அனுபவத்தைத்தான் முதலில் கேட்கும். அதைவிட, நீச்சல் தெரியாத ஐந்து பேர் இருக்கிற படகில், பாதுகாப்பின் முழுப் பொறுப்பும் விடுமுறைக்கு வந்த ஒரு தம்பியின் தலையில் விழக் கூடாது. கேப்டனும் சமையலாளும் உள்ள படகையே அமர்த்துங்கள். தம்பி விரும்பினால் கேப்டன் பக்கத்தில் நின்று ஒரு வாரம் சுக்கான் பிடிக்கட்டும். நல்ல கேப்டன்கள் மகிழ்ச்சியோடு விட்டுக்கொடுப்பார்கள்.

படகைப் பொறுத்தவரை, இரண்டு உடல்களை ஒரு தளத்தால் இணைத்த கேட்டமரான் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஒற்றை உடல் கொண்ட பாய்ப்படகு காற்றடிக்கும் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாகச் சாய்ந்தபடி ஓடும். கேட்டமரான் ஏறக்குறைய சமமாகவே ஓடுவதால் தேநீர்க் கோப்பை மேசையிலேயே இருக்கும். நான்கு அறை என்று விளம்பரத்தில் போட்டிருந்தால், கேப்டனும் சமையலாளும் எங்கே படுப்பார்கள் என்று கேளுங்கள். சில படகுகளில் அவர்களுக்கு அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், தனி அறை உண்டு. சிலவற்றில் உங்கள் நான்கில் ஒன்று அவர்களுக்குப் போய்விடும், ஆறு பேருக்கு மூன்று அறைதான் மிஞ்சும். அறைகளுக்கு இறங்கும் படிகளின் செங்குத்தையும் புகைப்படத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்; இரவில் மாமியார் கழிப்பறைக்கு அந்தப் படியில் ஏறி இறங்க வேண்டியிருக்குமா, அறையோடு ஒட்டியே கழிப்பறை இருக்கிறதா என்பது, மேல்தளத்துச் சாய்வு மெத்தையைவிட முக்கியம்.

உண்மையில் வயதானவர்களுக்கு ஆபத்தான இடம் நடுக்கடல் அன்று. கரைக்குப் போய்வரும் சிறிய ரப்பர் படகிலிருந்து பெரிய படகின் பின்படியில் கால் வைக்கிற அந்த மூன்று நொடிகள்தாம். ரப்பர் படகு அலையில் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். அது மேலே எழும்பி நிற்கிற கணத்தில்தான் காலை எடுக்க வேண்டும். அது கீழே போகும்போது எடுத்தால் படி முழங்கால் உயரத்துக்குப் போய்விடும். படகுக்காரர் நீட்டும் கையில் விரலைப் பிடிக்காமல், அவர் மணிக்கட்டை மாமியாரும், மாமியாரின் மணிக்கட்டை அவரும் பற்றிக்கொள்ள வேண்டும். ஈரக்கை வழுக்கினாலும் அந்தப் பிடி நழுவாது. மறுகையில் பையோ செருப்போ இருக்கக் கூடாது. சேலைக் கொசுவம் படியில் மாட்டிக்கொள்ளும் என்பதால் அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் சுடிதார் அணிய அவரை இணங்க வையுங்கள். இந்தப் பயணத்துக்கான ஏற்பாடுகளிலேயே கடினமானது இதுவாகக்கூட இருக்கலாம்.

வாந்தி, மயக்கம் வரும் என்று பயந்து பட்டினியாக ஏறாதீர்கள். வெறும் வயிறு குமட்டலைக் கூட்டும். இட்லியோ, வறட்டு ரொட்டியோ அளவாகச் சாப்பிடுவது நல்லது. காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு ‘ஆடுகிறோம்’ என்று சொல்ல, கண் அறைச் சுவரைப் பார்த்து ‘ஆடவில்லை’ என்று சொல்வதால் வரும் குழப்பமே குமட்டலுக்குக் காரணம். எனவே படகு ஓடும்போது யாரும் கீழ் அறையில் படுக்கவோ கைப்பேசி பார்க்கவோ கூடாது. மேலே காற்றோட்டத்தில் அமர்ந்து தொடுவானத்தைப் பார்க்க வேண்டும். மாத்திரையைக் குமட்டல் தொடங்கிய பின் போடுவதில் பெரிய பயனில்லை, புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும். ஆனால் அவோமின் போன்ற மாத்திரைகள் தூக்கம் வரவழைப்பவை. இரத்த அழுத்த மருந்தோடு சேரும்போது எழுந்து நிற்கையில் தலைசுற்றலும் வரலாம். உங்கள் மாமியாருக்கும் மகனுக்கும் எது, எவ்வளவு என்பதை மருத்துவரிடம் கேட்டு, ஊரிலேயே ஒரு நாள் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். சிறுநீர் அதிகம் போக வைக்கும் வகை இரத்த அழுத்த மாத்திரை என்றால், அந்த வெயிலில் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

மகனின் உயிர்காப்பு மேலங்கியைப் பற்றி முன்பதிவின்போதே எழுத்தில் கேட்க வேண்டும். பெரியவர்கள் அளவு எல்லாப் படகிலும் இருக்கும், சிறுவர் அளவு இருக்கும் என்று நம்ப முடியாது. அவன் எடையைக் குறிப்பிட்டு, கழுத்துப் பட்டையும் கால்களுக்கிடையே போகும் வாரும் உள்ள 100 நியூட்டன் (மிதக்க வைக்கும் திறனின் அளவு) வகையைக் கேளுங்கள். மாட்டியபின் தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். அங்கி காது வரை ஏறினால் அது அவனுக்குப் பெரிது, தண்ணீரில் தலை உள்ளே போய்விடும். கையில் மாட்டும் காற்றுப் பைகளும் ரப்பர் வளையமும் விளையாட்டுப் பொருட்கள்தாம், அவற்றை நம்ப வேண்டாம். அறைக்கு வெளியே காலடி வைத்தால் அங்கி உடம்பில் இருக்க வேண்டும் என்பது முதல் நாளே தீர்மானமாகிவிட வேண்டிய சட்டம். நங்கூரமிட்டு நிற்கும்போதும் இது பொருந்தும், ஏனென்றால் பெரியவர்கள் அசந்திருப்பது அப்போதுதான். இன்னும் மாதங்கள் இருக்கின்றன. அண்ணா விளையாட்டரங்க நீச்சல் குளத்தில் மகனோடு நீங்களும் கணவரும் மல்லாந்து மிதக்கவாவது பழகிக்கொள்ளுங்கள். மகளுக்கு நீச்சல் தெரியும் என்பதிலும் சிறு எச்சரிக்கை: குளத்தில் நீந்துபவர்களுக்கு நீரோட்டம் பழக்கமிராது. படகின் பின்னால் மிதவை கட்டிய கயிறு ஒன்றை விடச் சொல்லி, அதைத் தாண்டிப் போகாமல் அவளை நீந்தச் சொல்லுங்கள்.

சாப்பாட்டில் கவலை குறைவு. சோறு, பருப்பு, தேங்காய்ப்பால் கறி ஆகியவை சீஷெல்ஸ் சமையலின் அடிப்படை. சொதி சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு அந்தத் தேங்காய்ப்பால் குழம்புகள் அந்நியமாகத் தெரியாது. சீமைப்பலா வறுவலும் கிடைக்கும். ஆனால் அங்கே மீன் அன்றாட உணவு என்பதால், ‘மீன், கருவாடு, இறைச்சிச் சாறு எதுவும் கூடாது, தனிப் பாத்திரம் வேண்டும்’ என்று சமையலாளுக்கு விளக்கமாக எழுதி அனுப்புங்கள். இங்கிருந்து இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல் போன்றவற்றைக் கடையில் மூடி முத்திரையிட்ட பொட்டலமாகக் கொண்டு போகலாம். மாம்பழம், கறிவேப்பிலை, வாழையிலை, விதைகள் எதுவும் வேண்டாம். தீவுகளின் தாவரங்களைக் காக்க விமான நிலையத்திலேயே கடுமையாகச் சோதிப்பார்கள். பிளாஸ்டிக் பைகளுக்கும் அங்கே 2017 முதல் தடை உண்டு.

வழித்தடத்தைக் கேப்டனிடம் விடுங்கள், ஆனால் தினமும் ஒரு தீவு என்று ஓட வேண்டாம். முதல் இரவு மாஹேக்கு எதிரே செயின்ட் ஆன் கடல் பூங்காவை ஒட்டி நங்கூரமிட்டு உடம்பைப் பழக்கிக்கொண்டு, மறுநாள் காலையிலேயே பிராலினுக்குக் கடந்துவிட வேண்டும். காலைக் கடல்தான் பொதுவாக அமைதியானது. நடுவிலுள்ள நான்கு நாட்களைப் பிராலின், கியூரியஸ், லா டீக் ஆகிய மூன்று தீவுகளுக்குள்ளேயே கழிக்கலாம். இவை ஒன்றுக்கொன்று மிக அருகில் இருப்பவை. பிராலினில் மருத்துவமனையும் இருக்கிறது. கியூரியஸில் பேராமைகள் மனிதரைக் கண்டு ஒதுங்காமல் திரியும். மகனுக்கு அந்தத் தீவே போதும். பிராலினில் 1983 முதல் உலகப் பாரம்பரியச் சின்னமாக இருக்கும் வாலே டு மே காட்டில் இரட்டைத் தேங்காய் காய்க்கும் மரங்களைப் பார்க்கலாம். மாமியார் நடக்கக்கூடிய குறுகிய பாதையைக் கேட்டுத் தேர்ந்தெடுங்கள். கடைசி நாள் மாஹேயில் இறங்கியதும் விக்டோரியா நகரிலுள்ள நவசக்தி விநாயகர் கோயிலுக்குப் போய்வரலாம்; அங்குள்ள தமிழ் வம்சாவளியினர் எழுப்பிய கோயில் அது. மாலை ஆறரைக்குள் இருட்டிவிடும் என்பதையும், வாடகைப் படகுகள் பொதுவாக இரவில் ஓட அனுமதிக்கப்படுவதில்லை என்பதையும் நினைவில் வைத்துத் திட்டமிடுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். படகு வாடகை என்று சொல்லும் தொகை முழுத் தொகை ஆகாது. கேப்டன், சமையலாள் கூலி, எரிபொருள், மளிகை, கடல் பூங்காக் கட்டணங்கள், திருப்பித் தரும் முன்வைப்புத் தொகை ஆகியவற்றில் எவை அடங்கும், எவை தனி என்பதை ஒரே மின்னஞ்சலில் கேட்டு, பதிலை ஒப்பந்தத்தோடு இணைக்கச் சொல்லுங்கள். பயணக் காப்பீட்டில் பாய்ப்படகுப் பயணம் விலக்கப்பட்டிருக்கிறதா, மாமியாருக்கு ஏற்கனவே உள்ள இரத்த அழுத்தம் அறிவிக்கப்பட்டிருக்கிறதா, தீவிலிருந்து பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் செலவு அடங்குமா என்ற மூன்றையும் பாலிசிப் பத்திரத்திலேயே படித்துப் பாருங்கள்; முகவரின் வாய்வார்த்தை போதாது.

சீஷெல்ஸுக்கு இந்தியர்கள் முன்கூட்டி விசா எடுக்க வேண்டியதில்லை. ஆனால் புறப்படும் முன் ஒவ்வொருவருக்கும் இணையத்தில் பயண அனுமதி பெற்றாக வேண்டும். அதில் தங்குமிடம் கேட்கும் இடத்தில் படகு ஒப்பந்தத்தை இணைத்து, முதல் இரவுக்கும் கடைசி இரவுக்கும் மாஹேயில் விடுதி எடுத்திருந்தால் அந்தச் சீட்டையும் சேர்த்துவிடுங்கள். விமானத்துக்குத் திருவனந்தபுரம் போய் வளைகுடா வழியாகவோ, தூத்துக்குடியிலிருந்து சென்னை போய் மும்பை வழியாகவோ செல்லலாம். நைரோபி, அடிஸ் அபாபா வழியாகச் சீட்டு மலிவாகக் கிடைத்தால், மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழ் போகும்போதும் இந்தியா திரும்பும்போதும் தேவைப்படுமா என்பதை விசாரித்த பிறகே பணம் கட்டுங்கள். 60 வயதைத் தாண்டியவர்களுக்கு அந்தத் தடுப்பூசியை யோசித்தே போடுவார்கள் என்பதால், மாமியாரை உத்தேசித்து அந்த வழியைத் தவிர்ப்பதே மேல்.