கோவை–கொச்சி மழைக்கு எந்த பெர்ஃபார்மன்ஸ் டயர்? 17 இஞ்ச் போடலாமா?

கேள்வி கேட்டவர் கோவைக்காரர். ஃபோக்ஸ்வாகன் விர்ட்டஸ் ஜிடி கார் வைத்திருக்கிறார், மாதம் மூன்று நான்கு தடவை கொச்சி போய் வருகிறார். வண்டியோடு வந்த டயர்கள் தேய்ந்துவிட்டன. இந்த வெயிலுக்கும் மழைக்கும் எந்த பெர்ஃபார்மன்ஸ் டயர் சரியாக இருக்கும், அப்படியே 17 இஞ்ச் அலாய்க்கு மாறலாமா என்று கேட்டிருக்கிறார்.

நானும் அதே சாலையில் பல வருடமாக ஓட்டுகிறேன். என் வண்டிக்கும் அதே 205/55 ஆர் 16 அளவுதான், அதாவது 205 மி.மீ. அகலம், அதில் 55 சதவீதம் பக்கச்சுவர் உயரம், 16 இஞ்ச் ரிம். 16 இஞ்சிலேயே இருங்கள். அதே அளவில், ஈரத்தில் பிரேக் நன்றாகப் பிடிக்கிற சம்மர் டயராகப் பார்த்து வாங்குங்கள். பட்டன்களுக்கு, அதாவது தரையைத் தொடும் ரப்பர் கட்டைகளுக்கு, இடையே உள்ள காடியின் ஆழம் 3 மில்லிமீட்டருக்கு வந்ததும் மாற்றிவிடுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும்.

ஒரு ஜூன் மாதம், மாலை ஆறு மணி இருக்கும். குதிரான் தாண்டி மண்ணுத்தி பக்கம் இறங்கிக்கொண்டிருந்தேன். மழை நின்று பத்து நிமிடம் ஆகியிருக்கும். வேகம் 95. மீடியனை ஒட்டிய வலது தடத்தில் நீளமாகத் தண்ணீர் தேங்கியிருந்ததை வண்டி அதில் ஏறிய பிறகுதான் கவனித்தேன். முதலில் சத்தம் மாறியது. வண்டியின் அடித்தட்டில் யாரோ மண்ணை வாரி இறைப்பதுபோல ஒரு சத்தம். அடுத்த நொடி ஸ்டியரிங்கில் கனமே இல்லை. திருப்பினால் திரும்புகிறது, வண்டிதான் திரும்பவில்லை. ஆர்பிஎம் முள் தானாக மேலே ஏறியது. காலை ஆக்சிலரேட்டரில் இருந்து எடுத்தேன், பிரேக்கைத் தொடவில்லை, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நொடி இருக்கலாம். அப்புறம் ஒரு குலுக்கலோடு டயர் தரையைப் பிடித்தது. பின்சீட்டில் என் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் டெப்த் கேஜ் வைத்து அளந்தேன். முன்பக்க டயர்களின் வெளி ஓரத்தில் 4 மி.மீ. இருந்தது. உள் ஓரத்தில் 2.4 தான். அலைன்மென்ட் விலகி உள்பக்கம் மட்டும் தேய்ந்திருக்கிறது, வெளியே நின்று பார்க்கிறவர் கண்ணுக்கு அது தெரியாது. சட்டப்படி 1.6 மி.மீ. வரை ஓட்டலாம். பட்டன்களுக்கு இடையே காடிக்குள் சின்ன மேடு மாதிரி இருக்குமே, அந்த அடையாளம்தான் அது. காய்ந்த ரோட்டுக்கு அந்தக் கணக்கு போதும். தேங்கிய தண்ணீருக்குப் போதவே போதாது. புது டயரில் 7, 8 மி.மீ. ஆழம் இருக்கும். தண்ணீரை வாங்கி வெளியே தள்ளுவது அந்த ஆழம்தான். அது பாதிக்கும் கீழே போய்விட்டால், எத்தனை விலை கொடுத்து வாங்கிய டயரானாலும் தண்ணீர் மேல் மிதக்கும்.

இப்போது டயர் விஷயத்துக்கு வருகிறேன். 'ஆல் சீசன்' என்ற பெயரைப் பார்த்து, வெயிலுக்கும் மழைக்கும் அதுதான் பொருத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த 'சீசன்' கணக்கில் பனியும் சேர்ந்தது. குளிரிலும் ரப்பர் இறுகிப்போகாமல் இருக்க வேண்டும் என்பதற்காகச் செய்கிற டயர் அது. அதற்காகச் சூட்டிலும் ஈரத்திலும் கிடைக்க வேண்டிய பிடியில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்திருப்பார்கள். சம்மர் டயர் சுமார் 7 டிகிரிக்குக் கீழேதான் விறைக்க ஆரம்பிக்கும். பாலக்காட்டில் கொட்டும் மழையில்கூட நம் ரோடு 20 டிகிரிக்குக் கீழே போவது அபூர்வம். அதனால் நமக்கு வருடம் முழுக்க சம்மர் டயர்தான். ஜனவரியில் ஊட்டிக்குப் போய், விடியற்காலையில் புல்லில் உறைபனி பார்த்தீர்களானால், அன்று மட்டும் முதல் சில கிலோமீட்டர் மெதுவாக இறங்குங்கள்.

ஈரத்தில் பிடிப்பது பட்டனின் வடிவம் மட்டும் இல்லை, ரப்பர் கலவையும்தான். ஒரு காலத்தில் ரப்பரில் கார்பன் கரியைத்தான் பிரதானமாகச் சேர்த்தார்கள். 1990களின் தொடக்கத்தில் மிஷெலின், கார் டயர்களில் சிலிக்காவைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. உருளும்போது வீணாகும் சக்தியும் குறைந்தது, ஈரமான ரோட்டில் பிடியும் கூடியது. இன்றைக்கு நல்ல டயர் எதை எடுத்தாலும் அதில் சிலிக்கா இருக்கும். எவ்வளவு, எப்படிக் கலக்கிறார்கள் என்பதில்தான் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம்.

கடையில் நிற்கும்போது டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள். பல டயர்களில் அமெரிக்க முறைப்படி ட்ரெட்வேர், ட்ராக்‌ஷன், டெம்பரேச்சர் என்று மூன்று குறிப்புகள் இருக்கும். ட்ராக்‌ஷன் என்பது ஈரமான பரப்பில் நேர்கோட்டில் பிரேக் போட்டுப் பார்க்கும் சோதனை. ஏஏ தான் உச்சம், அதற்குக் கீழே ஏ, பி, சி. ஆனால் வளைவில் பிடிப்பதும் தேங்கிய தண்ணீரில் மிதப்பதும் இந்தச் சோதனையில் வராது. ஏஏ இருக்கிறது என்று நம்பிக் குளத்தில் வண்டியை விட முடியாது. டெம்பரேச்சரில் ஏ வாங்குங்கள், நம் மே மாதத்துக்கு அது வேண்டும். ட்ரெட்வேர் எண்ணை மட்டும் கிலோமீட்டர் மாதிரி படிக்காதீர்கள். ஒரு சோதனை டயரை 100 என்று வைத்து, அதோடு ஒப்பிட்டு அந்தந்தக் கம்பெனியே கொடுத்துக்கொள்ளும் எண் அது. பொதுவாக 300ஐ ஒட்டியிருந்தால் மென்மையான, நன்றாகப் பிடிக்கிற ரப்பர் என்று எடுத்துக்கொள்ளலாம். 200 என்றால் கிட்டத்தட்ட ரேஸ் டிராக்குக்கான டயர். யோகோஹாமா அட்வான் நியோவா அந்த ரகம். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் ஞாயிற்றுக்கிழமை ஓட்டுகிறவருக்கு அது சரி. அவற்றில் தண்ணீருக்கான காடிகள் குறைவு. மழையில் கொச்சி போகிற குடும்ப வண்டிக்கு நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன்.

உங்கள் தேவைக்கு நடுவில் இருக்கும் ரகம்தான் பொருத்தம். மிஷெலின் பைலட் ஸ்போர்ட் வரிசை, கான்டினென்டல் மேக்ஸ்கான்டாக்ட் வரிசை, பிரிட்ஜ்ஸ்டோன் பொடென்சா வரிசை, இந்த மாதிரி. உங்கள் அளவில் எது கிடைக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நான் இப்போது ஓட்டுவது பைலட் ஸ்போர்ட் 4. 28,000 கி.மீ. ஆகிவிட்டது, இன்னும் 4 மி.மீ. மேல் இருக்கிறது. மழையில் பிரேக் மிதித்தால் வண்டி சட்டென்று உட்கார்ந்து நிற்கிறது, அதுதான் எனக்கு முக்கியம். சத்தம் குறைவாக, அலுங்காமல் போக வேண்டும், வேகத்தில் அவ்வளவு நாட்டமில்லை என்றால் மிஷெலின் பிரைமசி, கான்டினென்டல் அல்ட்ராகான்டாக்ட் ரகமே தாராளம். அவையும் ஈரத்தில் நல்ல டயர்கள்தான். எதை வாங்கினாலும் லோடு எண் 91, அதாவது ஒரு டயருக்கு 615 கிலோ, அதற்குக் குறையக் கூடாது. டயர் தாங்கும் உச்ச வேகத்தைக் குறிக்கும் வேக எழுத்தும் வண்டியோடு வந்ததற்குக் கீழே போகக் கூடாது.

17 இஞ்ச் ஆசை எனக்குப் புரிகிறது. 225/45 ஆர் 17 போட்டால் விட்டம் ஏறக்குறைய அதேதான் வரும், 632 மில்லிமீட்டர் 634 ஆகும், ஸ்பீடோமீட்டர் ஏமாற்றாது. பார்க்கவும் நன்றாக இருக்கும். ஆனால் டயர் அகலமாக ஆக, ரோட்டைத் தொடும் பகுதி அகலத்தில் கூடி நீளத்தில் குறையும். நடுவில் மாட்டிய தண்ணீர் ஓரத்துக்கு வெளியேற அதிக தூரம் போக வேண்டும். ஆகவே கொஞ்சம் குறைந்த வேகத்திலேயே மிதக்க ஆரம்பிக்கும். இன்னொன்று குழி. மழையில் குழி எது, சும்மா தேங்கிய தண்ணீர் எது என்று தெரியாது. பக்கச்சுவர் 113 மி.மீ. உயரத்தில் இருந்து 101க்கு இறங்குகிறது. ஒரே அடியில் ரிம் நெளிந்து, சைடுவாலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம் வந்துவிடும். வீங்கிய டயருக்கு வைத்தியம் கிடையாது, தூக்கிப் போட வேண்டியதுதான். ரிம்முக்கு வைத்திருக்கும் பணத்தை நல்ல டயரில் போடுங்கள்.

காற்று விஷயத்தில் நம் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. வெயில் காலம் வந்தால், "சூட்டுல வெடிச்சிரும், ரெண்டு பாயின்ட் கம்மியா அடிப்பா" என்பார்கள். என் அப்பாவும் அப்படித்தான் அடிக்கச் சொல்வார். உண்மை நேர் எதிர். காற்று குறைந்தால் பக்கச்சுவர் ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக மடங்கி நிமிரும், டயருக்குள் சூடு அதனால்தான் ஏறுகிறது. மே மாத நெடுஞ்சாலையில் டயர் வெடிப்பதற்குக் குறைந்த காற்று ஒரு முக்கியக் காரணம். மழையிலும் அதேதான். 1963இல் நாசா விமான டயர்களை வைத்து ஒரு கணக்குப் போட்டது. டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்து, தண்ணீரில் மிதக்கும் வேகம் ஏறும், இறங்கும். அந்தக் கணக்கில் 33 பிஎஸ்ஐ என்றால் மணிக்கு சுமார் 96 கி.மீ., 25 என்றால் 83. கார் டயரில் பட்டன் ஆழமும் அகலமும் சேர்ந்து கணக்கு மாறும், ஆனால் காற்று குறைந்தால் சீக்கிரம் மிதக்கும் என்பது மாறாது. வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன போட்டிருக்கிறதோ அதை, காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது பிடியுங்கள். ஓட்டி முடித்துச் சூடான டயரில் அழுத்தம் கூடித்தான் காட்டும், அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிடாதீர்கள்.

வாங்கும்போது தயாரித்த தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2219 என்றால் 2019இன் 22ஆம் வாரம். ஒரு கடையில் எனக்குக் கொண்டுவந்து வைத்த நான்கில் இரண்டு, மூன்று வருடம் பழசு. "ஸ்டாக் புதுசுதானுங்க சார், நேத்துத்தான் வந்துச்சு" என்றார். கடைக்கு நேற்று வந்திருக்கலாம், ஃபேக்டரியில் இருந்து எப்போது வந்தது என்பதுதான் கேள்வி. தேதி ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும், அதனால் ரிம்மில் ஏற்றுவதற்கு முன்பே புரட்டிப் பாருங்கள். ஏற்றும்போது 'அவுட்சைடு' என்று எழுதிய பக்கம் வெளியே வருகிறதா என்று நின்று கவனியுங்கள். அன்றே அலைன்மென்ட்டும் பார்த்துவிடுங்கள், என் உள் ஓரம் தேய்ந்த கதை உங்களுக்கு வேண்டாம்.

பட்ஜெட் இடித்து இரண்டு டயர் மட்டும் இப்போது வாங்கினால், புது ஜோடியைப் பின்னால் போடுங்கள். முன்சக்கர டிரைவ் வண்டிதானே, முன்னால்தானே வேண்டும் என்று கடைக்காரரே சொல்வார். முன் டயர் வழுக்கினால் வண்டி நேராகப் போகப் பார்க்கும், காலை எடுத்தால் பெரும்பாலும் திரும்பக் கைக்கு வரும். பின் டயர் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். அதைப் பிடித்து நிறுத்துவது நம்மில் பலருக்கு முடியாத காரியம்.