கடைசி பஸ் எத்தனை மணிக்கு?

போன இதழில் ‘பஸ்ஸில் போய் இறங்கி நடக்க நம் ஊரில் மலையா இல்லை’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதினேன். அதற்கு இத்தனை கேள்விகள் வரும் என்று நினைக்கவில்லை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்து, சிலவற்றுக்கு மட்டும் இங்கே பதில் சொல்கிறேன்.

கார் இல்லை, பைக்கும் இல்லை. ஞாயிறு காலை கிளம்பி அன்று இரவே வீடு திரும்ப வேண்டும். மலை ஏதாவது உண்டா? (குரோம்பேட்டை வாசகர்)

செஞ்சி. யோசிக்கவே வேண்டாம். கிளாம்பாக்கத்தில் திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலை போகிற பஸ்ஸில் விடியற்காலையில் ஏறிவிட்டால், செஞ்சி பஸ் ஸ்டாண்ட் பக்கம் இட்லி சாப்பிட்டுவிட்டு வெயில் ஏறுவதற்குள் கோட்டை வாசலுக்கு நடந்தே போய்விடலாம், திருவண்ணாமலை ரோட்டிலேயேதான் இருக்கிறது. கோட்டையின் பெரிய குன்றான ராஜகிரி சுமார் 800 அடி உயரம். படிகள் ஒழுங்காக இருக்கின்றன, ஆனால் மேலே போகப் போக முழங்கால் பேச ஆரம்பிக்கும். உச்சிக்குச் சற்று முன்னால் பாறை பிளந்து ஒரு பள்ளம், அதன் மேல் சின்னப் பாலம். அந்தப் பாலத்தில் நின்று கீழே பார்த்தால், சிவாஜியின் மகன் ராஜாராம் உள்ளே இருக்க, முகலாயப் படை 1690-லிருந்து 1698 வரை வெளியே ஏன் காத்துக் கிடந்தது என்பது யாரும் சொல்லாமலே புரிந்துவிடும்.

2025 ஜூலையில் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் மராத்தியர் கோட்டைகளோடு செஞ்சியும் சேர்ந்ததால் ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் இருக்கும். கூட்டம் பிடிக்காதென்றால் ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிருஷ்ணகிரிக் குன்றுக்குப் போங்கள், எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும். பிற்பகலானால் ராஜகிரி ஏற விடமாட்டார்கள், அதனால் அதை முதலில் ஏறுங்கள். கையில் பிளாஸ்டிக் பை வேண்டாம். குரங்குகளுக்கு அதற்குள் என்ன இருக்கிறதென்று உங்களைவிட நன்றாகத் தெரியும்.

எனக்கு 61 வயது. வீட்டில் யாருக்கும் நேரமில்லை, தனியாகத்தான் போக வேண்டும். அதிகம் ஏறாமல், ஆனால் மலை மாதிரியும் இருக்க வேண்டும். (மதுரை வாசகி)

அம்மா, உங்களுக்குக் கீழக்குயில்குடி சமணர் மலை. பெரியார் பஸ் நிலையத்திலிருந்து டவுன் பஸ் இருக்கிறது. சாதாரணக் கட்டண பஸ்ஸாகப் பார்த்து ஏறினால் 2021 மே மாதத்திலிருந்து பெண்களுக்குக் கட்டணமே கிடையாது, போகவர பஸ் செலவு சைபர். இறங்கினால் தாமரைக் குளம், ஆலமரங்கள், அய்யனார் கோயில். அங்கேயே உட்கார்ந்து வடை சாப்பிட்டுத் திரும்பி வருகிறவர்களும் உண்டு, அதுவும் தப்பில்லை.

கோயில் பக்கத்திலிருந்து பாறையில் வெட்டிய படிகள் வழியாகப் பேச்சிப்பள்ளம் வரை ஏறினால் ஒரு சுனை, அதற்கு மேல் பாறையில் வரிசையாகச் சமணச் சிற்பங்கள், அவற்றின் கீழே வட்டெழுத்து என்கிற பழைய தமிழ் எழுத்து. ஆயிரம் வருடத்துக்கு மேலாயிற்று செதுக்கி. மலையின் இன்னொரு பக்கம் செட்டிப்புடவு குகை இருக்கிறது, அதற்கு அதிகம் ஏற வேண்டியதில்லை. காலை ஏழு மணிக்குப் போய்ப் பத்துக்குள் இறங்கிவிடுங்கள், அப்புறம் அந்தப் பாறை தோசைக்கல்தான்.

‘பஸ்ஸில் போனால் பஸ்ஸுக்கு அடிமை, காரில் போனால்தான் சுதந்திரம்’ என்கிறார் என் கணவர். என்ன பதில் சொல்ல? (திண்டுக்கல் வாசகி)

காரை எங்கே நிறுத்தினாரோ அங்கேயே திரும்பி வந்தாக வேண்டும், அது எந்த ஊர் சுதந்திரம் என்று கேளுங்கள். பஸ்ஸில் போகிறவனுக்கு அந்தக் கட்டு இல்லை. ஒரு ஊரில் இறங்கி நடந்து வேறொரு ஊரில் ஏறலாம், போன வழியிலேயே திரும்ப வேண்டியதில்லை.

உங்கள் பக்கத்திலேயே இருக்கும் உதாரணம் வெள்ளகவி என்கிற மலை கிராமம். கொடைக்கானலுக்குப் பஸ்ஸில் ஏறிவிட்டு, வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி வழியாகக் கும்பக்கரை அருவி வரை நடந்து இறங்கினால் பெரியகுளம் பக்கம் வந்து நிற்பீர்கள், அங்கிருந்து திண்டுக்கல்லுக்குப் பஸ். கொடைக்கானலுக்கு மலை ரோடு வருவதற்கு முன்னால் வெள்ளைக்காரர்கள் ஏறின வழிகளில் இதுவும் ஒன்று. இறக்கம்தானே என்று நினைக்காதீர்கள், ஒரு நாள் முழுக்க இறங்கினால் தொடை மூன்று நாளைக்கு உங்கள் பேச்சைக் கேட்காது. காட்டு வழி என்பதால் வனத்துறையிடம் கேட்காமல் கிளம்பக் கூடாது.

இன்னொன்றும் அவரிடம் சொல்லுங்கள். 2024 மே 7 முதல் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகள் போக இ-பாஸ் வேண்டும். அரசு பஸ்ஸில் போகிறவர்களுக்கு வேண்டாம்.

அனுமதி எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்? ஆளுக்கொன்று சொல்கிறார்கள். (திருப்பூர் வாசகர்)

என் கணக்கு இது. பஸ் போகிற ரோடு, ஊர்ப் பாதை, தொல்லியல் துறை டிக்கெட் கொடுக்கிற கோட்டை என்றால் பிரச்சினை இல்லை. காப்புக்காட்டுக்குள், அதாவது வனத்துறை பாதுகாக்கிற காட்டுக்குள், கால் வைத்தால் அனுமதி வேண்டும், கோயிலுக்குப் போகிற வழியாக இருந்தாலும்கூடச் சில இடங்களில் பருவம் பார்த்துத்தான் விடுவார்கள். வெள்ளியங்கிரி அப்படித்தான்.

இதை வெறும் கெடுபிடி என்று நினைக்கிறவர்கள் குரங்கணியை மறந்தவர்கள். 2018 மார்ச் 11 அன்று அங்கே காட்டுத் தீயில் சிக்கி, அன்றும் பின்னால் ஆஸ்பத்திரியிலுமாக 23 பேர் இறந்தார்கள். அந்த வருடமே மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024 அக்டோபரில் வனத்துறை ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்று 40 பாதைகளைத் திறந்தது, ஆன்லைனில் பதிவு செய்தால் வழிகாட்டியோடு போகலாம். கட்டணம் கொஞ்சம் உறைக்கும், ஆனால் மாசி, பங்குனியில் புல் காய்ந்து கிடக்கும்போது ‘எனக்கு வழி தெரியும்’ என்கிற நண்பனை நம்பி ஏறுவதைவிட அது மலிவு.

கொல்லிமலைக்குப் பஸ்ஸில் போய் வரலாமா? கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் என்ன கதி? நீங்கள் தவறவிட்டிருக்கிறீர்களா? (சேலம் வாசகர்)

தாராளமாகப் போகலாம். சேலம், நாமக்கல் இரண்டிலிருந்தும் பஸ் உண்டு. எழுபது கொண்டை ஊசி வளைவு, வாந்தி வருகிற ஆளென்றால் முன் சீட் பிடியுங்கள். அறப்பளீஸ்வரர் கோயில் வரை பஸ் போகும், அங்கிருந்து ஆகாய கங்கைக்கு ஆயிரத்துக்கு மேல் படி இறங்க வேண்டும். மற்ற மலைகளில் முதலில் ஏற்றம், அப்புறம் இறக்கம். இங்கே தலைகீழ், குளித்துக் குஷியாகிப் பசியோடு நிற்கும்போதுதான் ஏற்றமே ஆரம்பிக்கும். இறங்கின நேரத்தைப் போல இரண்டு மடங்கு ஏறுவதற்கு ஒதுக்கிவிட்டு மிச்சத்தைக் கணக்குப் பண்ணுங்கள்.

கடைசி பஸ் கதைக்கு வருகிறேன். தவறவிட்டதில்லை, அதைவிட அசட்டுத்தனம் செய்திருக்கிறேன். ஒரு மலை கிராமத்தில் டீக்கடைக்காரரிடம் ‘அண்ணே, கடைசி வண்டி எப்போ?’ என்று கேட்டேன், ‘ஏழரைக்கு’ என்றார். சொன்னபடி ஏழரைக்கு வந்தது. ஓடிப்போய் ஏறி உட்கார்ந்தால் டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு லுங்கிக்கு மாறுகிறார். நைட் ஹால்ட் வண்டி! இரவு அங்கேயே நின்று விடிகாலையில்தான் கீழே கிளம்பும். ஏறி வருகிற கடைசி வண்டியை, இறங்குகிற கடைசி வண்டி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அது நாலரைக்கே போய்விட்டிருந்தது.

கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, கொண்டுவந்திருந்த புளிச்சோற்றில் பாதியைக் கொடுத்தார். கோயில் திண்ணையில் படுத்தேன், குளிரில் தூக்கம் வரவில்லை, காலை ஐந்தே முக்காலுக்கு அதே வண்டியில் முதல் டிக்கெட் நான்தான். அதிலிருந்து கேள்வியையே மாற்றிக்கொண்டேன். ஏறும்போதே கண்டக்டரிடம் ‘இங்கேயிருந்து கீழே இறங்குகிற கடைசி வண்டி எது, ஞாயிற்றுக்கிழமையும் வருமா?’ என்று கேட்பேன். அதற்கு முந்தின வண்டியைத்தான் என் கடைசி வண்டியாக வைத்துக்கொள்வேன்.

தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு போனால் போதாதா? (ஈரோடு வாசகர்)

நீலகிரியிலும் கொடைக்கானலிலும் பிளாஸ்டிக் பாட்டிலோடு மாட்டினால் காசு அழ வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கும் எவர்சில்வர் பாட்டிலை எடுங்கள்.

பெண்களாகச் சேர்ந்து போகிறோம். கழிப்பறைக்கு என்ன செய்வது என்று யாருமே எழுதுவதில்லை. (கரூர் வாசகி)

நியாயமான கோபம், நானும் எழுதவில்லை. என் தங்கை செய்வதைச் சொல்கிறேன். மலைக்குக் கீழே இருக்கும் பெரிய பஸ் ஸ்டாண்டில் ஒரு முறை, மேலே இறங்கியதும் டீயோ டிபனோ சாப்பிடுகிற ஹோட்டலில் ஒரு முறை. கழிப்பறை இருக்கிறதா என்று கேட்ட பிறகுதான் ஹோட்டலுக்குள்ளேயே நுழைவாள். தண்ணீர் குடிக்காமல் சமாளிப்பதை மட்டும் செய்யவே கூடாது, ஏற்றத்தில் மயக்கம் போடும்.

ஷூ வாங்கியே ஆக வேண்டுமா? (தேனி வாசகர்)

முதல் இரண்டு நடைக்கு வேண்டாம், பின்னால் பட்டை வைத்த, வழுக்காத செருப்பு போதும். பிறகு பிடித்துப்போனால் வாங்கிக்கொள்ளுங்கள். எத்தனை விலைக்கு வாங்கினாலும் வெள்ளகவி வந்ததும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான், அந்த ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை.