உற்பத்தி நின்றுபோன பிஎல்சி கார்டைக் கொழும்பில் எங்கே தேடுவது?

நீங்கள் கேள்வியில் சொன்ன நிலைமை இது: பியகமவில் ஒரு பொதியிடும் இயந்திரம், உள்ளே அதை இயக்கும் பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினி, சீமென்ஸ் எஸ்5-115யூ. அதிலிருந்து வால்வு, மோட்டார்களுக்குச் சிக்னல் அனுப்பும் வெளியீட்டுக் கார்டு ஒன்று வேலை செய்யவில்லை. முகவர்கள் அந்த மொடல் வருவதில்லை என்று கைவிரித்துவிட்டார்கள். முழுக் கட்டுப்பாட்டுப் பனலையும் மாற்றும் அளவுக்கு முதலாளியிடம் இப்போது பணம் இல்லை. கொழும்பில் எந்தக் கடைக்குப் போகலாம் என்று கேட்கிறீர்கள்.

இருபது வருடத்துக்கு மேலாக இரத்மலானை, களனி, வத்தளைப் பக்கத் தொழிற்சாலைகளில் பராமரிப்பு வேலை செய்கிறேன். கடைக்குப் போகும் வழியைப் பிறகு சொல்கிறேன். முதலில் இன்றைக்கே பனலுக்கு முன்னால் போய் நில்லுங்கள்.

வெளியீட்டுக் கார்டு தானாகச் சாவது குறைவு. பெரும்பாலும் வெளியில் இருக்கும் ஏதோ ஒன்றுதான் அதைக் கொல்கிறது. போன வெளியீட்டின் கம்பி எங்கே போகிறது என்று தேடுங்கள். அந்த முனையில் ஒரு சொலினொயிட் வால்வு (மின்காந்தத்தால் திறந்து மூடுவது) இருந்தால், கம்பியைக் கழற்றிவிட்டு அதன் கொயிலை மல்டிமீற்றரால் அளந்து பாருங்கள். 24 வோல்ட் நேர்மின்னோட்டம், 10 வாட் கொயில் என்றால் ஏறத்தாழ 58 ஓம் காட்ட வேண்டும். நாலு ஐந்து ஓம்தான் காட்டுகிறது என்றால் கொயில் உள்ளுக்குள் ஷோர்ட். அதைக் கவனிக்காமல் எங்கிருந்தோ தேடிப் பிடித்த கார்டைச் செருகினால், அதுவும் அன்றைக்கே எரியும். மூன்று மாதம் தேடி வாங்கிய கார்டு மூன்று நிமிடத்தில் போனதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. ஒரு கார்டில் 16 அல்லது 32 வெளியீடு இருக்கும், எல்லாமே பயன்பாட்டில் இருக்காது. ஒன்றுதான் போயிருக்கிறது என்றால், கம்பியைச் சும்மா இருக்கும் வெளியீட்டுக்கு மாற்றி, புரோகிராமில் அந்த முகவரியையும் மாற்றிவிட்டால் இயந்திரம் ஓடும். செலவு ஒரு மாலை நேரம். மாற்றியதை எழுதிப் பனல் கதவில் ஒட்டி வையுங்கள், அடுத்து வருகிறவர் தலையைப் பிய்த்துக்கொள்ளக் கூடாது.

இதற்குப் புரோகிராம் உங்கள் கையில் இருக்க வேண்டும். இருக்கிறதா? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று ஒரு கதை சொல்ல வேண்டும்.

2022 மார்ச் மாதக் கடைசி, ஒரு நாளைக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு போன நாட்கள். களனிப் பக்கம் ஒரு கார்ட்போர்ட் பெட்டித் தொழிற்சாலை. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லை, இரவு முழுக்க எல்லாம் நின்றது. எஸ்5 இல் புரோகிராம் ரேம் நினைவகத்தில் இருந்தால், கரண்ட் இல்லாத நேரத்தில் பவர் சப்ளைக்குள் இருக்கும் ஒரு சின்ன லித்தியம் பற்றரிதான் அதைத் தாங்கிப் பிடிக்கும். அந்தப் பற்றரிக்கான எச்சரிக்கை விளக்கு மாதக்கணக்காக எரிந்துகொண்டிருந்திருக்கிறது. காலையில் கரண்ட் வந்தது, பிஎல்சியின் மூளையான சிபியூவில் சிவப்பு விளக்கு. சிபியூ போய்விட்டது என்று முடிவுகட்டி, வெளிநாட்டில் ஒருவரிடம் விலை பேசி, பணம் அனுப்ப வங்கி வங்கியாக அலைந்தார்கள். 200 ரூபாவில் நின்ற டொலர் கண் முன்னே 300ஐத் தாண்டிக்கொண்டிருந்த நேரம் அது. என்னைக் கூப்பிட்டபோது இரண்டு வாரம் போயிருந்தது. சிபியூவில் ஒரு கோளாறும் இல்லை. உள்ளே இருந்த புரோகிராம்தான் அழிந்துபோயிருந்தது.

அந்தப் புரோகிராமின் பிரதி யாரிடமும் இல்லை. இயந்திரம் செய்த கம்பனியே மூடப்பட்டுவிட்டது. கடைசியில் பனல் கதவின் உட்புறப் பையில், கரப்பான் அரித்த ஒரு கோப்பு கிடைத்தது. ஓரத்தில் துளை போட்ட நீளத் தாளில், டொட் மெட்ரிக்ஸ் பிரிண்டரில் அச்சடித்த முழுப் புரோகிராம், ஜேர்மன் குறியீட்டில். அதில் 'ஈ' என்றால் உள்ளே வரும் சிக்னல், 'ஏ' என்றால் வெளியே போகும் சிக்னல், 'யூ' என்றால் 'மற்றும்'. அங்கே வேலை பழகிக்கொண்டிருந்த தம்பி ஒருவன் டோர்ச் வெளிச்சத்தில் "யூ ஈ 32.4, யூ ஈ 33.1" என்று வாசிக்க வாசிக்க, நான் பழைய மடிக்கணினி ஒன்றில் தட்டினேன். மூன்று இரவு. நாலாம் நாள் இயந்திரம் அசைந்தது, ஆனால் பசை சூடாகும் இடத்தில் வந்து அப்படியே நின்றுகொண்டது. ஒரு டைமரில் 50.1 என்று இருந்ததை, மை மங்கியிருந்ததால் 50.2 என்று அடித்திருக்கிறேன். எஸ்5 இல் புள்ளிக்குப் பின்னால் வரும் எண் நேரத்தின் அலகு. 1 என்றால் பத்தில் ஒரு விநாடி, 2 என்றால் ஒரு விநாடி. ஐந்து விநாடி காத்திருக்க வேண்டியது ஐம்பது விநாடி காத்திருந்தது. அதைத் திருத்தியதும் முதல் பெட்டி வெளியே வந்தது. அந்தத் தம்பி அதைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் வைத்திருந்தான்.

ஆகவே கார்டு தேடும் முன்பு புரோகிராமைப் பிரதி எடுங்கள். எஸ்5 இன் 15 முனைத் துளைக்குச் சாதாரண சீரியல் கேபிள் சரிவராது. அது 20 மில்லியம்பியர் மின்னோட்டச் சுற்றில் பேசுவது, நடுவில் சிக்னலை மாற்றும் கன்வேட்டர் உள்ள கேபிள் வேண்டும். பற்றரியை மாற்றும்போது பவர் சப்ளையை நிறுத்தாதீர்கள். கரண்ட் இருக்கும்போதே பழையதை எடுத்துப் புதியதைப் போட வேண்டும்.

சரி, இனிக் கார்டு.

முதலில் கேட்க வேண்டிய இடம் பக்கத்துத் தொழிற்சாலை. நம் நாட்டுக்கு இந்த இயந்திரங்கள் பெரும்பாலும் கூட்டமாகத்தான் வந்தன. ஒரே காலத்தில், ஒரே ஐரோப்பியக் கம்பனியிடமிருந்து நாலைந்து பேர் வாங்கியிருப்பார்கள். அவர்களில் ஒருவர் தம் பனலைப் புதுப்பித்திருந்தால், கழற்றிய கார்டுகள் ஸ்டோரில் எங்கோ தூசி பிடித்துக் கிடக்கும். முதலாளிமாரைக் கேட்டால் போட்டி, கௌரவம் என்று இழுபடும். அங்கே வேலை செய்யும் எலக்ட்ரீஷியனை ஒரு தேத்தண்ணிக் கடையில் பிடியுங்கள். இருக்கிறதா இல்லையா என்று பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். பிறகு இரண்டு மனேஜர்மாரும் பேசி, கடிதம் எழுதி, முறையாக வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாவது, பழைய இரும்புக் கடைகள். பஞ்சிகாவத்தையில் வாகனச் சாமான் தேடுவதைப் போல இதற்கென்று ஒரு தெரு கொழும்பில் இல்லை. பழைய சோனகத் தெருவில் பம்பும் மோட்டாரும் கிடைக்கும், பிஎல்சி கார்டு கிடைப்பது கஷ்டம். மூடிய தொழிற்சாலைகளின் பனல்களை எடை போட்டு வாங்குகிறவர்களைத்தான் தெரிந்துவைத்திருக்க வேண்டும். கிராண்ட்பாஸ் பக்கம் ஒரு நானா இருக்கிறார். அவரிடம் செம்புக் கம்பியை உரித்துவிட்டுக் கார்டுகளை உடைத்துப் போடுவதுதான் வழக்கம். பல வருடங்களுக்கு முன்பு ஒரு சாம்பல் நிறக் கார்டைக் காட்டி, "நானா, இப்படி ஒன்று வந்தால் உடைக்காமல் வையுங்கள், செம்புக் காசை விடக் கூடத் தருகிறேன்" என்றேன். "தம்பி, இலக்கத்தை எழுதித் தாங்க, நான் மறந்துபோவேன்" என்றார். ஒரு மட்டையில் பெரிதாக எழுதிக் கொடுத்தேன். அது இன்றைக்கும் அவர் மேசைக்கு மேல் தொங்குகிறது. அந்த மட்டையால் இதுவரை ஐந்து இயந்திரங்கள் ஓடியிருக்கின்றன.

மூன்றாவது, வெளிநாட்டிலிருந்து இணையத்தில் வாங்குவது. லேபலில் உள்ள முழு இலக்கத்தையும் கடைசி எழுத்து வரை பார்த்து வாங்க வேண்டும். எஸ்5 என்றால் 6ஈஎஸ்5, அதற்குப் பின் வந்த எஸ்7 என்றால் 6ஈஎஸ்7 என்று தொடங்கும், ஆனால் சங்கதி வாலில்தான் இருக்கிறது. எஸ்7-300 இல் 315-2டிபி சிபியூவையே உதாரணமாகப் பாருங்கள். 2ஏஎஃப்03 என்ற பழையதில் பற்றரி இருக்கும். அதற்குப் பின் வந்த 2ஏஜி10 இல் பற்றரி கிடையாது, எம்எம்சி என்ற நினைவக அட்டை இல்லாமல் ஓடாது. பெயர் ஒன்றுதான் என்று வாங்கிவிட்டு, அட்டைக்காக மறுபடி ஒரு மாதம் காத்திருந்தவர்கள் உண்டு. அந்த அட்டையைக் கம்பியூட்டரில் செருகி விண்டோசில் ஃபோர்மட் செய்துவிடாதீர்கள், பிறகு அது சிபியூவுக்கு உதவாது.

விற்பவரிடம் கார்டின் முன்பக்கம், பின்பக்கம், செருகும் முனைகள் மூன்றையும் அன்றைய படமாகக் கேளுங்கள். கரண்ட் கொடுத்து விளக்கு எரிவதை வீடியோவில் கேளுங்கள். 'புதியது, பெட்டி பிரிக்காதது' என்று எழுதியிருந்தால் நான் இன்னும் கூடுதலாக விசாரிப்பேன். லேபல் மட்டும் பளபளவென்றும், திருகாணித் தலை கீறியும் இருந்தால் விட்டுவிடுவேன். இன்வொய்ஸில் வெறுமனே 'எலக்ட்ரோனிக்ஸ்' என்று எழுத விடாதீர்கள். பிஎல்சி சுங்கத்தில் 8537.10 தலைப்பின் கீழ் வருவது. அதையும் முழு இலக்கத்தையும் எழுதச் சொல்லுங்கள், சாமானை எடுக்கப் போகும்போது பேச்சுக் குறையும்.

பெட்டி பிரிக்காத பழைய பவர் சப்ளை, மோட்டார் வேகத்தை மாற்றும் இன்வேட்டர் எல்லாம் அப்படியே நல்லது என்று நம்பிவிடக் கூடாது. உள்ளே இருக்கும் எலக்ட்ரோலிட்டிக் கப்பாசிட்டர் சும்மா கிடந்தாலும் கெடும். வருடக்கணக்கில் கிடந்த இன்வேட்டருக்கு எடுத்த எடுப்பில் முழு வோல்டேஜ் கொடுத்தால் வெடிக்கக்கூடும். வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் வேரியக் வைத்து, கைநூல் சொல்லும் வேகத்தில், கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக் கப்பாசிட்டரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

நான் அதிகம் நம்புவது உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் எரிந்த கார்டைத்தான். அதை எறிந்துவிடாதீர்கள். வெளியீட்டுக் கார்டில் போவது பெரும்பாலும் ஒரு டிரான்சிஸ்டர், ஒரு ரிலே அல்லது சிக்னலை ஒளியால் கடத்தும் ஓர் ஒப்டோ கப்ளர். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் இவற்றில் பாதி கிடைக்கும், மீதியைத் தபாலில் எடுக்கலாம். கையில் நல்ல சோல்டரிங் இருக்கும் ஒருவர் செய்தால் கார்டு இன்னும் பத்து வருடம் ஓடும். பவர் சப்ளை என்றால் கப்பாசிட்டரைத்தான் முதலில் மாற்றுவேன். 10 பாகை வெப்பம் கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது கணக்கு, நம் ஊர்ப் பனலுக்குள் விசிறி நின்றுபோனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கடற்கரைப் பக்கத் தொழிற்சாலை என்றால் செருகும் முனையில் பச்சை பிடித்திருக்கும். ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடையுங்கள். அழிரப்பரால் தேய்த்தால் தங்கப் பூச்சு போய்விடும்.

உங்களிடம் ஒரே மாதிரி இரண்டு மூன்று இயந்திரங்கள் இருந்தால் முதலாளியிடம் இப்படிச் சொல்லுங்கள்: எல்லாவற்றையும் மாற்றப் பணம் இல்லை, சரி. ஒன்றை மட்டும் புதிய பிஎல்சிக்கு மாற்றுவோம், கழற்றும் கார்டுகள் அனைத்தும் மற்ற இயந்திரங்களுக்கு ஸ்பெயார். இதைக் கேட்டுத் தலையாட்டாத முதலாளியை நான் அரிதாகத்தான் கண்டிருக்கிறேன். எஸ்7-300 வைத்திருப்பவர்களும் இந்தக் கணக்கை இப்போதே போட வேண்டும். 2023 அக்டோபரில் அது விடைபெறும் பட்டியலுக்குப் போய்விட்டது, உதிரிப்பாகம் அதிலிருந்து பத்து வருடம் என்றுதான் அறிவித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் அலன்-பிராட்லி செய்த பிஎல்சி-5 2017 லேயே நின்றுவிட்டது. அதற்கு ஒரு நல்ல வசதி உண்டு: பழைய கம்பி முனையைக் கழற்றாமல் அப்படியே புதிய கார்டுகளோடு பொருத்தும் மாற்றுச் சட்டங்களை அவர்களே விற்கிறார்கள். ஒரு வார இறுதியில் வேலை முடியும்.

உங்கள் கார்டின் முழு இலக்கத்தையும், எந்த வெளியீடு போயிருக்கிறது, கொயில் எத்தனை ஓம் காட்டுகிறது என்பதையும் இங்கே எழுதுங்கள். என் அலுமாரியில் எஸ்5 வெளியீட்டுக் கார்டு இரண்டு இருக்கிறது, ஒன்று நன்றாக ஓடுவது. இலக்கம் பொருந்தினால், உங்கள் கொயிலைச் சரிசெய்த பிறகு வந்து எடுத்துக்கொண்டு போகலாம். பொருந்தாவிட்டால் சனிக்கிழமை நானாவிடம் போகும்போது கேட்டுப் பார்க்கிறேன்.