பன்னிரண்டாம் பாகம் வரை வந்த 61 பேர்

வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அக்காவுக்கு வணக்கம். சோழவந்தான் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் டைப்பிங் வேலை பார்க்கிறேன். வயது 36. ஏழு மாதமாக ஒரு கதைச் செயலியில் எழுதி வருகிறேன். பன்னிரண்டு பாகத் தொடர் ஒன்றை முடித்திருக்கிறேன். முதல் பாகத்தை 412 பேர் படித்தார்கள். இரண்டாவது 188, மூன்றாவது 97, அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து கடைசிப் பாகத்துக்கு 61. கருத்துகள் மொத்தம் 23. அதற்கு முன்னால் செயலியில் எழுதிய எட்டுச் சிறுகதைகளைத் தொகுத்து, 125 ரூபாய் விலை வைத்து அமேசானின் கிண்டிலிலும் மின்னூலாகப் போட்டேன். ஒன்பது பிரதி விற்றது. சந்தா கட்டிப் படிக்கிற கிண்டில் அன்லிமிடெடில் சிலர் படித்த பக்கங்களையும் சேர்த்து வந்த பணம் 386 ரூபாய். "இதுக்காகவா ராத்திரி ஒரு மணி வரைக்கும் முழிச்சிருந்தே?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். கேலி இல்லை, அக்கறையில்தான் கேட்கிறார். எனக்குத்தான் பதில் சொல்லத் தெரியவில்லை. தொடர்ந்து எழுதலாமா, விட்டுவிடலாமா? கதையையும் அனுப்பியிருக்கிறேன்.
(பெயர் வேண்டாம், சோழவந்தான்)

பதில்: தங்கச்சி, உங்கள் கடிதம் வந்த அன்று ராத்திரியே பன்னிரண்டு பாகத்தையும் படித்து முடித்தேன். முப்பது வருஷம் மதுரையில் அச்சகங்களில் புரூப் பார்த்தவள் நான். வேலைக்காகப் படிப்பதற்கும் கீழே வைக்க முடியாமல் படிப்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு நன்றாகவே தெரியும். உங்கள் முதல் பாகத்தை வேலையாகத்தான் படித்தேன். மூன்றாம் பாகத்தில் அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன்.

அந்த இடம் உங்களுக்கே தெரிந்திருக்கும். அம்மா திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை எண்ணிக்கொண்டிருக்கிறாள். வெற்றிலைக் கொடிக்காலை விற்கப்போவதாக மகன் வாசலில் நின்றபடி சொல்கிறான். அவள் நிமிர்ந்து பார்க்கவில்லை. விரல் எண்ணிக்கொண்டே போகிறது. நூறு ஆனதும் கவுளியை அடுக்கி, வாழைநாரால் ஒரு சுற்றுச் சுற்றி, முடிச்சுப் போட்டு, ஈரச் சாக்கின் மேல் வைக்கிறாள். அதற்கப்புறம்தான் "யாரைக் கேட்டு?" என்கிறாள். இரண்டே சொல். அந்த நூறு இலை எண்ணுகிற நேரத்தில் மகனும் வியர்த்துப் போகிறான், நானும் வியர்த்துப் போனேன். கொடிக்காலில் பிறந்து வளர்ந்த கைதான் இதை எழுத முடியும்.

இப்போது உங்கள் எண்களை எடுத்துக்கொள்வோம். நீங்கள் 412-ஐயும் 61-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து மனசு உடைந்திருக்கிறீர்கள். நான் 97-ஐயும் 61-ஐயும் பார்க்கிறேன். மூன்றாம் பாகத்தைத் தாண்டிய பிறகு ஒன்பது பாகத்தில் உங்களை விட்டுப் போனவர்கள் 36 பேர்தான். முதலில் வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர், 315 பேர், முதல் இரண்டு பாகத்திலேயே போய்விட்டார்கள். அந்தத் திண்ணைக்கு அவர்கள் வந்து சேரவே இல்லை.

ஏன் வரவில்லை என்று முதல் பாகத்தைத் திறந்தாலே தெரிகிறது. சூரியன் உதிக்கிறான், பறவைகள் பாடுகின்றன, வைகை சலசலக்கிறது. அந்த மூன்று பத்தியை யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். அதற்கப்புறம் குடும்பத்தில் யார் யாருக்கு என்ன உறவு என்று ஒரு பாகம் முழுக்கச் சொல்கிறீர்கள். பஸ்ஸில் நின்றுகொண்டு போனில் படிக்கிற ஒருவர் அவ்வளவு நேரம் காத்திருக்க மாட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மூன்றாம் பாகத்தைத் தூக்கி முதலில் வையுங்கள். அகத்தி மரத்தில் கொடி ஏறுவதும், அதைக் கோரையால் கட்டுவதும், யார் பெரியப்பா மகன் என்பதும் தேவைப்படுகிற இடத்தில் தானாக வந்துவிடும். நீங்கள் டைப் அடிப்பவர், வெட்டி ஒட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும்.

23 கருத்துகளையும் வாசித்தேன். பெரும்பாலும் "அருமை", "சூப்பர்", கைகூப்பும் படங்கள். அவற்றுக்கும் நன்றி சொல்லுங்கள். ஆனால் அதில் நான்கு பேர் இரண்டு வரிக்கு மேல் எழுதியிருக்கிறார்கள். ஒருவர், தன் பாட்டி சாகும்வரை கவுளிக் கணக்கில்தான் காசு எண்ணினாள் என்று எழுதியிருக்கிறார். அவருக்கு நீங்கள் இன்னும் பதில் போடவில்லை. ஏழு மாதத்தில் உங்களுக்குக் கிடைத்ததிலேயே பெரிய வரவு அந்த வரி என்று நினைக்கிறேன். இன்றைக்கே பதில் எழுதுங்கள்.

என் கதையைச் சொன்னால்தான் இது விளங்கும். 1996-இல் என் முதல் சிறுகதைத் தொகுப்பைச் சொந்தச் செலவில் ஆயிரம் பிரதி அச்சடித்தேன். வளையலை அடகு வைத்த பணம். புதுமண்டபத்தில் ஒரு புத்தகக் கடையில் இருபத்தைந்து பிரதி கொடுத்துவிட்டு வாராவாரம் போய் எண்ணுவேன். அந்தப் பக்கம் தையல் மிஷின் சத்தம், இந்தப் பக்கம் வளையல் பேரம், நடுவில் என் புத்தகம் அதே உயரத்தில் இருக்கும். அரசு நூலகங்களுக்கு வாங்கிக்கொள்ளும் நூலக ஆணை கிடைக்கவில்லை. இரண்டு வருஷத்தில் விற்றது 140. மிச்சம் பரணில் கிடந்து, மழை ஒழுகி, கீழ்க்கட்டு நாசமானது. யார் வாங்கினார்கள், எத்தனை பக்கம் படித்தார்கள், எங்கே மூடி வைத்தார்கள் என்று எனக்குத் தெரியவே தெரியாது. கம்பத்திலிருந்து ஒரே ஒரு போஸ்ட் கார்டு வந்தது, "43-ஆம் பக்கத்தில் இருப்பது என் அம்மா" என்று. அது இன்னும் என் அலமாரியில் இருக்கிறது. அந்தக் கார்டின் பலத்தில்தான் இரண்டாவது புத்தகம் எழுதினேன். உங்களுக்கு ஏழே மாதத்தில் அப்படி நான்கு கார்டு வந்திருக்கிறது.

பக்கத்து ஊர்க்காரர் ஒருவரையும் சொல்ல வேண்டும். வத்தலக்குண்டைச் சொந்த ஊராகக் கொண்ட எழுத்தாளர் சி.சு. செல்லப்பா 1959-இல் 'எழுத்து' பத்திரிகை தொடங்கினார். புத்தகங்களும் போட்டார். மூட்டையைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாக ஏறி இறங்கி விற்றார். இன்றைக்குத் தமிழில் புதுக்கவிதை என்று பேசினால் அந்தப் பத்திரிகையைச் சொல்லாமல் நகர முடியாது. அதைப் படித்தவர்கள் எப்போதுமே சில நூறு பேர்தான். உங்கள் 61 பேரை நான் சின்னக் கூட்டம் என்று நினைக்காததற்கு இதுதான் காரணம்.

சரி, பணத்துக்கு வருவோம். கிண்டிலில் தமிழ்ப் புத்தகங்களை நாமே போடும் வசதி வந்தது 2016 டிசம்பரில். அதன் கணக்கைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். ஒன்பது பிரதிக்கு இவ்வளவு குறைவாக வந்திருப்பதைப் பார்த்தால் நீங்கள் 35 சதவீத ராயல்டியைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இந்தியாவில் விற்கும் பிரதிக்கு 70 சதவீதம் வேண்டுமென்றால் மின்னூலைக் கிண்டிலில் மட்டுமே வைப்பதாக ஒப்புக்கொள்ளும் கேடிபி செலக்ட் திட்டத்தில் புத்தகம் இருக்க வேண்டும். அன்லிமிடெடில் படித்த பக்கத்துக்குப் பணம் வந்திருப்பதால் அதில் ஏற்கெனவே இருக்கிறீர்கள். விலை வைக்கிற பக்கத்தில் போய் 70-ஐத் தேர்ந்தெடுங்கள். ஒரு மாத விற்பனைக்கான பணம் அந்த மாதம் முடிந்து ஏறக்குறைய அறுபது நாள் கழித்துத்தான் வரும். ஜூனில் விற்றதற்கு ஆகஸ்ட் கடைசி.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. செலக்டில் சேர்ந்தால் 90 நாளைக்கு அந்த மின்னூல் வேறெங்கும் இருக்கக்கூடாது, இலவசமாகக்கூட. மாதிரிக்குப் பத்து சதவீதம் வரை விடலாம், அவ்வளவுதான். அந்த எட்டுக் கதைகள் செயலியிலும் கிடந்தால் முதலில் அங்கிருந்து எடுங்கள். திரும்பவும் அங்கே போட வேண்டுமென்றால் 90 நாள் முடிந்ததும் செலக்டிலிருந்து வெளியே வந்துவிட்டுப் போடுங்கள், அப்போது அந்த 70 சதவீதம் கிடைக்காது. என்னைக் கேட்டால் அந்த 90 நாளுக்கு அப்புறம் கதைகளைச் செயலியிலேயே விடுவேன். இப்போது உங்களுக்கு நூறு ரூபாயைவிடப் பத்து வாசகர்கள் முக்கியம்.

வீட்டுக்காரரிடம் இந்தப் பணத்தை நம்பிக் குடும்பம் நடத்த முடியாது என்று நீங்களே சொல்லிவிடுங்கள். அது உண்மை, சொல்லிவிட்டால் உங்களுக்கும் பாரம் குறையும். ஜெராக்ஸ் கடை வேலையை விட வேண்டாம். ராத்திரி ஒரு மணியும் வேண்டாம். காலையில் ஒரு மணி நேரம் போதும். அப்புறம் அந்த மூன்றாம் பாகத்தை அவருக்கு நீங்களே வாய்விட்டு வாசித்துக் காட்டுங்கள். அவர் கேட்ட கேள்விக்கு நான் எழுதுகிற எந்தப் பதிலும் அதற்கு ஈடாகாது.

தொடர்ந்து எழுதுங்கள். அடுத்த தொடரின் முதல் பாகத்தைப் போடுவதற்கு முன்னால் எனக்கு அனுப்புங்கள், நான் பென்சிலோடு காத்திருக்கிறேன்.

கேள்வி: அக்கா, நான் கல்லூரி மாணவன். எங்கள் ஊர்ப் பேச்சில் கதை எழுதினால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது, ஆன்லைனில் யாரும் படிக்க மாட்டார்கள் என்கிறார்கள் நண்பர்கள். (திருமங்கலம்)

பதில்: தம்பி, "தட்டுல வெஞ்சனமே இல்ல, வெறுஞ்சோத்தை எப்படித் திங்கிறது?" என்று ஒரு பாத்திரம் கேட்டால், வெஞ்சனம் என்றால் தொட்டுக்கொள்வது என்று சென்னைக்காரருக்கும் புரிந்துவிடும். சொல்லைச் சுற்றிக் காட்சி இருந்தால் போதும், அடைப்புக்குறிக்குள் அர்த்தம் போட வேண்டாம். பேச்சில் ஊர் வழக்கு முழுசாக இருக்கட்டும். கதை சொல்லும் வாக்கியம் கொஞ்சம் பொதுவாக இருந்தால் படிப்பவருக்கு மூச்சு விட இடம் கிடைக்கும். தேடிப் படிக்கிறவர்கள் கண்ணில் பட வேண்டுமென்றால் தலைப்பையும் கதைச்சுருக்கத்தையும் மட்டும் எல்லோருக்கும் தெரிந்த சொல்லில் வையுங்கள்.

கேள்வி: என் தொடரை அச்சில் போட ஒரு பதிப்பாளர் 35 ஆயிரம் கேட்கிறார். கொடுக்கலாமா? (மேலூர்)

பதில்: அவசரப்பட வேண்டாம். இப்போது தேவைக்கேற்ப ஐம்பது பிரதி மட்டும் அச்சடிக்க முடிகிறது. புத்தகத்தின் அடையாள எண்ணான ஐஎஸ்பிஎன்னை அரசு இலவசமாகத்தான் கொடுக்கிறது, அதற்குத் தனியாகப் பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். அப்படியும் அவரிடம்தான் போடுவதென்றால், எத்தனை பிரதி, உங்கள் கைக்கு எத்தனை, மின்னூல் உரிமை யாருக்கு என்ற மூன்றையும் எழுதி, கையெழுத்தும் வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள்.