'இம்யூனிட்டி பேக்கேஜ்' எடுத்தால் போதுமா?

கேள்வி: என் 3 வயது மகனுக்குக் கழுத்தில் நெறிகட்டிப் பழுத்து, இரண்டு தடவை கீறிச் சீழ் எடுத்தாயிற்று. டாக்டர் டி.எச்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை எழுதியிருக்கிறார். எங்கள் ஊர் லேபில், "இம்யூனிட்டி பேக்கேஜ் ஆஃபரில் இருக்கிறது, எல்லாம் அதிலேயே தெரிந்துவிடும்" என்கிறார்கள். எடுக்கலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: வேண்டாம் அம்மா. அந்தப் பணத்தை வைத்திருங்கள்.

டி.எச்.ஆர். எழுதினால், டாக்டர் சந்தேகப்படுவது சி.ஜி.டி. என்கிற பரம்பரை நோயை. அதில் வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். கிருமியை விழுங்கவும் செய்யும். ஸ்டாஃபைலோகாக்கஸ் பாக்டீரியா, ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை போன்றவற்றைக் கொல்லத்தான் முடியாது. பேக்கேஜில் வரும் அணு எண்ணிக்கையும் வைட்டமின் டி-யும் இதைக் காட்டாது. 'நார்மல்' என்று பார்த்துவிட்டு நீங்கள் நிம்மதியாக இருந்துவிடுவீர்களோ என்பதுதான் என் பயம்.

டி.எச்.ஆரில், நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களை உயிரோடு தூண்டிவிட்டு, அவை ஒரு சாயத்தை ஒளிர வைக்கின்றனவா என்று ஃப்ளோ சைட்டோமீட்டர் என்ற கருவியில் பார்ப்பார்கள். சரியாக ஒளிரவில்லை என்றால், கொல்லும் திறனில் குறை. உயிருள்ள அணு என்பதால் நேரம் முக்கியம். 24 மணி நேரத்துக்குள் செய்துவிடுவது நல்லது. ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. சனிக்கிழமை சாயங்காலம் எடுத்த ரத்தம் திங்கட்கிழமை வரை கூரியரில் கிடந்தால் காசு வீண்தான். வாரத் தொடக்கத்தில், காலையில் கொடுங்கள். முடிந்தால் பரிசோதனை நடக்கும் ஊருக்கே குழந்தையைக் கூட்டிப் போங்கள்.

கூடவே, ஆரோக்கியமான ஒருவரின் ரத்தமும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அதே நேரத்தில் எடுத்து, அதே பெட்டியில் போக வேண்டும். அதற்கு நீங்கள் கையை நீட்டாதீர்கள்! தாய் இந்தக் குறையைச் சுமப்பவராக இருக்கலாம். உறவில்லாத ஒருவர்தான் வேண்டும். இதைச் சொன்னதும் விழிக்கிற லேப் என்றால், வேறு லேப் பாருங்கள்.

பணம் கட்டும் முன் கேளுங்கள்: பரிசோதனை எங்கே நடக்கிறது, அந்த இடத்தின் என்.ஏ.பி.எல். (லேப்களின் தரத்துக்கு அங்கீகாரம் தரும் அமைப்பு) அங்கீகாரப் பட்டியலில் இந்தப் பரிசோதனை உண்டா, ரத்தம் கெட்டுப்போனால் திரும்பச் செய்து தருவார்களா? கடைசிக் கேள்விக்குப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். அப்புறம், ரிப்போர்ட்டில் வரைபடமும் ஒப்பீட்டு ரத்தத்தில் வந்த முடிவும் இருக்கட்டும்.

ஜீன் பரிசோதனையை அவசரப்பட்டு இப்போதே வாங்க வேண்டாம், அது டி.எச்.ஆரில் குறை தெரிந்த பிறகு. அப்படித் தெரிந்தாலும் இடிந்துபோகாதீர்கள். மத்திய அரசின் 2021 அரிய நோய்க் கொள்கையில் சி.ஜி.டி. இருக்கிறது, அதற்கென அறிவித்த மருத்துவமனைகளில் சிகிச்சைக்கு 50 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு.